அறிவரசன் எழுதியது

லீலாவதி டீச்சரின் போன் வந்தபோது சுவாதி ஆபீஸ் வேலையில் மூழ்கியிருந்தாள். சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்குப் பெரம்பலூருக்கு வெளியே இருந்த வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். யார் எழுதியது, உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாத புரோகிராம்கள் அவளிடம் வரும். அவற்றைப் பிரித்து, ஒவ்வொரு கட்டளையாக ஓடவிட்டு, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

"சுவாதி, செவிவழி நின்னு நின்னு போவுதும்மா" என்றார் டீச்சர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் கை விசைப்பலகையிலிருந்து விலகியது.

"எப்ப நிக்குது டீச்சர்?"

"விண்டோஸ் அப்டேட் ஆனதுலேர்ந்துதான். நல்லா படிச்சுகிட்டே வருது, ஸ்ரீரங்கம்னு வந்தா அப்படியே செத்துப்போயிடுது. ஸ்ரீதர்னு பேரு வந்தாலும் அதே கதைதான். பசங்க எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க."

"நான் பாக்கறேன் டீச்சர்."

செவிவழி அவள் கணவன் அறிவரசன் எழுதிய புரோகிராம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வாடகை வீடு ஒன்றில் பார்வையற்றவர்களுக்கான பயிற்சி மையத்தை லீலாவதி டீச்சர் நடத்தி வந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. யாரோ கழித்துவிட்டுக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள்தான் அங்கே இருந்தன. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்ல, கடையில் கிடைத்த திரை வாசிப்பான்கள் அவற்றில் ஓடத் திணறின. தமிழையும் கடித்துத் துப்பின. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போன அறிவரசன், இதைப் பார்த்துவிட்டுத் தானே ஒன்றை எழுதினான். ஒரு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தைச் சொல்லும். ஒரு கோப்பைத் திறந்தால் முழுவதையும் வாசிக்கும்.

அதில் பேசும் குரல் சுவாதியுடையது. கல்யாணமான புதிதில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அவளை உட்காரவைத்து க, கா, கி, கீ என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துப் பதிவு செய்தான். வேர்த்துக் கொட்டியது. நடுவில் எதிர்வீட்டு நாய் குரைத்தால் மறுபடி முதலிலிருந்து.

அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அவன் பைக்கின் மேல் ஏறியது. காரியம் முடிந்த மறுநாளே திருச்சியில் அவன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து லேப்டாப்பைக் கேட்டார்கள். சுவாதி எழுந்துபோய் அதை எடுத்து வந்து கொடுத்தாள். செவிவழியின் சோர்ஸ் கோட், அதாவது மனிதர்கள் படித்துத் திருத்தக்கூடிய மூலம், அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்துக் கேட்டபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது மிஞ்சியிருந்தது இயந்திரத்துக்கு மட்டும் புரியும் ஓடும் புரோகிராம்தான். அப்படிப்பட்டதைப் பிரிப்பதுதான் அவளுடைய தொழில். ஆனாலும் இதை ஒருநாளும் அவள் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் டீபக்கரில், அதாவது புரோகிராமை அங்கங்கே நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவியில், செவிவழியை ஏற்றினாள். சாதாரணமாக அவள் பிரிக்கும் புரோகிராம்களில் எழுதியவன் எதையாவது மறைத்துவைத்திருப்பான்; அவனோடு மல்லுக்கட்ட வேண்டும். இதில் மறைக்க எதுவும் இல்லை. ஒரு கோப்பைத் திறக்குமுன் அது இருக்கிறதா என்று பார்த்தது. திறந்தபின் உண்மையிலேயே திறந்ததா என்று மறுபடி பார்த்தது. அறிவரசன் வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுப்பான். அதற்காக அவள் எத்தனையோ தடவை அவனைத் திட்டியிருக்கிறாள். திரையில் வரிசையாக ஓடிய கட்டளைகளுக்கு நடுவே அந்த இரண்டாவது சோதனையைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிழை சிறியதுதான். ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிக்கும் முன் அதை வைத்துக்கொள்ள நான்கு குறிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தான். 'கா' என்றால் கம்ப்யூட்டருக்கு இரண்டு குறி. பெரும்பாலான எழுத்துகளுக்கு நான்கு தாராளம். ஆனால் 'ஸ்ரீ' அந்த நான்கையும் எடுத்துக்கொள்ளும். அதன் முடிவைக் காட்டும் ஐந்தாவது குறி, ஒதுக்காத இடத்தில் போய் விழுந்தது. இத்தனை வருடமும் அந்த இடம் காலியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புதிய விண்டோஸ் அங்கே தன் கணக்கு எதையோ வைத்திருந்தது.

எத்தனை இடம் என்று சொல்லும் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். ஓடவிட்டாள்.

"ஸ்ரீரங்கம்" என்றது அவள் குரல், நிற்காமல்.

ஹாலில் இருந்த அவள் மாமியார் கமலவேணி எட்டிப்பார்த்தாள். "அவன் பண்ணுனதா அது?"

"ஆமா அத்தை. கெட்டுப்போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

கமலவேணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, செவிவழி ஒரு செய்தியை முழுதாக வாசித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சுவாதிக்கு வெகுநாளைக்குப் பிறகு பசி எடுத்தது.

மையத்துக்குத் திருத்திய புரோகிராமை எடுத்துக்கொண்டு போனபோது, அவள் வாயைத் திறந்ததுமே மாணவர்கள் கண்டுகொண்டார்கள். "கம்ப்யூட்டர் அக்கா வந்துருக்காங்க!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அபிநயா என்ற பெண் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரதராஜன்பேட்டைக்காரி. வாரக்கடைசியில் மட்டும் ஊருக்குப் போய்விட்டு வருவாள். தட்டச்சில் அவள் வேகத்துக்கு அங்கே யாரும் கிடையாது.

"உங்க குரல் மாறிடுச்சுக்கா" என்றாள் அபிநயா. "அதுல இருக்குறது எப்பவும் இப்ப சிரிச்சுடுவேன்ங்கற மாதிரியே இருக்கும்."

"அப்ப நான் சின்னப் பொண்ணு" என்றாள் சுவாதி.

கிளம்பும்போது லீலாவதி டீச்சர் வாசல்வரை வந்தார். "தப்பா நெனைக்காதம்மா. அறிவு எழுதுனது நல்ல சாமான்தான். ஆனா அடுத்த அப்டேட்டுல வேற ஒண்ணு நிக்கும். புதுசா ஒண்ணு நீயே எழுதிட முடியாதா?"

"இதுவே நல்லா ஓடும் டீச்சர். எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"நான் சொல்றது என்னன்னா..."

"நான் பாத்துக்கறேன் டீச்சர்."

அடுத்த புகார் சில மாதங்களில் வந்தது. நீண்ட நேரம் ஓடினால் செவிவழி மெதுவாகி, கடைசியில் கம்ப்யூட்டரே நகர மறுத்தது. சுவாதிக்கு எரிச்சல் வரவில்லை. சொல்லப்போனால் காத்துக்கொண்டிருந்தவள்போல உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எடுத்துக்கொண்ட இடத்தைத் திருப்பிக் கொடுக்க அறிவரசன் மறந்திருந்தான். இந்தத் தடவை ஒரு எண்ணை மாற்றினால் போதாது. திருப்பிக் கொடுக்கும் கட்டளைகளைப் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டும். கட்டிமுடித்த சுவர்போல, புரோகிராமின் நடுவில் சேர்ப்பதற்கு இடமில்லை. புரோகிராமின் கடைசியில் பயன்படாமல் கிடந்த ஒரு வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, அங்கே தன் கட்டளைகளை எழுதி, அறிவரசனின் வழியிலிருந்து புரோகிராம் அங்கே போய்த் திரும்பி வருகிற மாதிரி திருப்பிவிட்டாள்.

பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்து நாள் முழுக்க வாசிக்கவிட்டாள். வேகம் குறையவே இல்லை. கமலவேணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைக் கேட்டாள். அவனுடைய வேலைக்குள் தன் வேலையும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது சுவாதிக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பதிப்பைத்தான் அபிநயா பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அரியலூருக்குப் போனாள்.

அங்கே ஒரு தனியார் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பார்வையில்லாத பெண் என்று தெரிந்தும் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அவளுடைய புரோகிராமை அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளவும் அனுமதித்தார்கள். ஒருவர் சொல்லச்சொல்ல அவள் அடிக்க வேண்டும். ஒரு காதில் மட்டும் ஹெட்போன். முதல் பத்தி முடியும்வரை எல்லாம் சரியாகவே போனது. பிறகு ஒரு எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, அதை அழிக்கும் விசையை அழுத்தினாள். செவிவழியின் குரல் நின்றுபோனது.

ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று தடவிப் பார்த்தாள். விசைகளைத் தட்டிப் பார்த்தாள். எதிரே சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். செவிவழியின் குரல் இல்லாமலே அவள் அடித்தாள். ஏதோ ஒரு இடத்தில் எதை அடித்தோம், எதை அழித்தோம் என்பதே தெரியாமல் போய், கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பரவால்லம்மா, அடுத்த தடவ பாக்கலாம்" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரை ஆள் துணை அனுப்பினார்கள்.

இதை லீலாவதி டீச்சர் போனில் சொன்னபோது, "விண்டோஸ்ல ஏதாவது இருக்கும் டீச்சர்" என்றாள் சுவாதி. சொல்லிவிட்டு டீபக்கரைத் திறந்தாள். 'அம்மா' என்று அடித்தாள். அழிக்கும் விசையைத் தட்டினாள். செவிவழி விழுந்தது.

ஒரு புரோகிராம் விழுந்தால், விழுந்த இடத்தின் முகவரியை டீபக்கர் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சரிபார்த்தாள். கோப்பின் கடைசியில் இருந்த வெற்றிடம் அது. அவள் எழுதிச் சேர்த்த கட்டளைகள். எழுத்து அழிக்கப்படும்போது அறிவரசன் அந்த நினைவக இடத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தான். அந்த ஒரு வழியில் மட்டும் அவன் மறக்கவில்லை. அவன் கொடுத்ததை அவள் இரண்டாவது முறையாகக் கொடுத்தாள். ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கொடுத்தால் விண்டோஸ் புரோகிராமையே கொன்றுவிடும். வாசிப்பதை மட்டும்தான் அவள் சோதித்தாள். ஒருவர் உட்கார்ந்து தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடிப்பார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

கமலவேணி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லாததால் உள்ளே வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அவரு எழுதுனதுல தப்பு இல்ல அத்தை. நான் போட்ட ஒட்டுலதான் தப்பு. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சு."

"திருத்திடலாம்ல?"

"திருத்தலாம். அடுத்தது எங்க கிழியும்னு எனக்குத் தெரியாது. ஒட்டு மேல ஒட்டுப் போட்டுகிட்டே எத்தன நாளைக்கு? புதுசா எழுதணும்."

"அப்ப அவன் எழுதுனது?"

"எடுத்துடணும்."

கமலவேணியின் முகம் மாறியது. "அவன் துணிமணியெல்லாம் குடுத்துட்டோம். வண்டிய போலீஸ்காரன் எடுத்துகிட்டுப் போயிட்டான். இது ஒண்ணுதான் அவன் பண்ணது இன்னும் வேலை செஞ்சுகிட்டு இருக்கு. அதையும் நீயே அழிக்கிறேங்கற."

இதே வார்த்தைகளைத்தான் சுவாதியும் இத்தனை மாதமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அபிநயா மையத்துக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சுவாதி அரியலூர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டார்கள், ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். அங்கிருந்தே ஜெயங்கொண்டம் பஸ் ஏறி, இறங்கி மாறி, வரதராஜன்பேட்டைக்குப் போனாள்.

முந்திரிக் காலம். அபிநயாவின் அம்மா பூங்காவனம் வாசலில் சாக்கை விரித்து முந்திரிப்பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அபிநயா. அவள் விரல்கள் பருப்பைத் தடவிப் பார்த்து, உடைந்ததை ஒரு தட்டிலும் முழுதை இன்னொன்றிலுமாகப் போட்டன.

"வாங்க, உக்காருங்க" என்றாள் பூங்காவனம். "இவ அப்பா இனிமே போவ வேணாம்னுட்டாரு. அவ்வளவு தூரம் அனுப்பி, அங்க போயி நாலு பேரு முன்னாடி அவமானப்பட்டுட்டு வர்றதுக்கு வூட்டோட இருக்கட்டும்னு."

சுவாதி சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. அபிநயாவின் கை நின்றது.

"அழிக்கிற பட்டனைத் தொட்டதும் நின்னுச்சே, அது சார் எழுதுனதுலயா, நீங்க எழுதுனதுலயா?"

"நான் எழுதுனதுல."

அபிநயா கையிலிருந்த பருப்பைத் தட்டில் போட்டாள். "நான் என் மேலதான் தப்புன்னு நெனைச்சேன். கை எங்கயோ பட்டு எதையோ அமுக்கிட்டேன்னு. இத்தன நாளும் ராத்திரியெல்லாம் அந்த விசைப்பலகைய மனசுல வச்சு, எங்க பட்டுச்சு, எங்க பட்டுச்சுன்னு தேடிகிட்டு இருந்தேன்."

"உன் மேல தப்பே இல்ல அபிநயா."

"அத அன்னிக்கு அங்க யாராச்சும் சொல்லியிருக்கணும்க்கா. இங்க வந்து சொல்லி என்ன ஆவப்போவுது?"

பூங்காவனம் மகளை அதட்ட வாயெடுத்தாள். சுவாதி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"புதுசா ஒண்ணு எழுதப்போறேன்" என்றாள். "நீ வந்து சோதிச்சுப் பாத்தா..."

"நான் வரமாட்டேன்" என்றாள் அபிநயா. பிறகு பருப்பை எடுத்துக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னாள்: "எழுதுறப்ப, ஒரு எழுத்தை அழிச்சா எந்த எழுத்து அழிஞ்சுதுன்னு சொல்ற மாதிரி வைங்க. சாரோடதுலயும் அது இல்ல. உங்களோடதுலயும் இல்ல."

சுவாதி ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் எழுதினாள். இந்தத் தடவை சோர்ஸ் கோட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைத்தாள். அது லீலாவதி டீச்சர் போட்ட நிபந்தனை. "நாளைக்கு உனக்கே ஒண்ணு ஆச்சுன்னாலும் வேற ஒருத்தர் தொறந்து பாக்கணும்மா" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மாணவர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து, அடித்து, அழித்து, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு குறை சொன்னார்கள்.

குரல் மட்டும் பழையதே வேண்டும் என்றார்கள். அவர்கள் காது அதற்குப் பழகிவிட்டது. மறுபடி பதிவு செய்து பார்த்தாள். அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. ஆகவே பழைய புரோகிராமுக்குள்ளிருந்து அந்த ஒலித்துண்டுகளைப் பிரித்து எடுப்பது என்று முடிவு செய்தாள். அது அவளுக்குச் சிரமமில்லாத வேலை.

பிரித்த துண்டுகளை ஹெட்போனில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பதிவு செய்யும்போது ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் "ம், சொல்லு" என்பான் அறிவரசன். அவள் தடுமாறினால் சிரிப்பான். எங்காவது ஒரு துண்டின் ஓரத்தில் அவன் குரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் பெரிதாக்கிப் பார்த்தாள். க முதல் ன வரை ஒன்றையும் விடவில்லை.

ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவன் எல்லாவற்றையும் சுத்தமாக வெட்டியிருந்தான். அவள் குரல் தொடங்கும் இடத்தில் துண்டு தொடங்கியது. முடியும் இடத்தில் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அங்கேயே தலைசாய்த்து அழுதாள். அவன் இறந்த நாளில் வந்த அழுகையைவிட இது நீளமாக இருந்தது. பிறகு எழுந்து அந்தத் துண்டுகளைப் புதியதில் சேர்த்தாள்.

பென்டிரைவ் ஒன்றில் போட்டு வரதராஜன்பேட்டைக்கும் அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று பூங்காவனம் போனில் சொன்னாள். அபிநயாவுக்கு விருத்தாசலம் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும் சொன்னாள். அபிநயா பேச வரவில்லை.

மையத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டிய நாளன்று, சுவாதி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கமலவேணியும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரேன்."

"பஸ்சுல நின்னுகிட்டுதான் போவணும் அத்தை."

"நிக்கறேன்."

மையத்தில் கமலவேணி ஒரு பெஞ்சின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவாதி ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் செவிவழியை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டாள். நீக்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு பச்சைக் கோடு ஓடி முடியும், அவ்வளவுதான். கடைசிக் கம்ப்யூட்டரிலும் முடிந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். கமலவேணி திரையைப் பார்க்கவில்லை. அங்கே புதிய புரோகிராமில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்பி ஊர் வெளிச்சம் குறைந்த பிறகு கமலவேணி, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அன்னிக்கிக் காலையில ரெண்டு தோசை வச்சேன். ஒண்ணுதான் தின்னான். இன்னொண்ணத் தின்னுட்டுப் போடான்னேன். வந்து தின்னுக்கறேன், மூடி வையின்னான். நானும் மூடி வச்சேன்."

இத்தனை நாளில் அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சுவாதியும் கேட்டதில்லை. அன்று அவள் தன் அம்மா வீட்டில் இருந்தாள். அதன்பின் நடந்தது எல்லாமே கூட்டமும் அழுகையும்தான்.

"எந்தச் சட்டை போட்டிருந்தாரு அத்தை?" என்று கேட்டாள்.

கமலவேணி சொல்ல ஆரம்பித்தாள். சட்டையைச் சொன்னாள், செருப்பு அறுந்து அதற்கு ஊக்கு மாட்டிக்கொண்டு போனதைச் சொன்னாள், வண்டி எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததைச் சொன்னாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்டார். சுவாதி பையைத் திறந்து இன்னும் இரண்டு நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டாள்.